இரக்கத்தில் வாடிய நாற்றுகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு மாத்திரைக்காரி என்று பெயர். யாராவது தும்மினால் போதும், கைப்பையிலிருந்து ஒரு வைட்டமின் மாத்திரை வெளியே வந்துவிடும். "உடம்புக்குள்ள ஆக்சிஜன் கெட்டுப்போய் விஷமாத் திரியுது. இதுதான் அதை அடக்கும்" என்பாள்.

கண்ணாடிக் கூடத்து நாற்றுகளுக்குத் தண்ணீர் விடுவது அவள் வேலை. எந்தத் தக்காளி வறட்சியைத் தாங்கும் என்று பார்ப்பதற்காகத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார் மேடம். வயதில் சின்னவர், ஆனால் கூடத்துக்கே தலைவி.

"பச்சப்புள்ளைங்களைப் பட்டினி போட ஒரு படிப்பா!" என்று முணுமுணுத்தாள் மாத்திரைக்காரி. தண்ணீர் விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் ஓரத்து மேசையிலிருந்த நோஞ்சான்களுக்கு மட்டும், மாத்திரையைக் கரைத்து இலைமேல் லேசாகத் தெளித்தாள்.

வெயில் ஏறியது. மற்ற மேசைகளின் நாற்றுகள் கொஞ்சம் சுணங்கினாலும் தலை சாயவில்லை. அவள் நாற்றுகளோ நனைந்த துணியாகத் தொங்கின. பதறிப்போய் மறுநாள் இரண்டு மாத்திரை சேர்த்துக் கரைத்தாள். அவை ஒரேயடியாகப் படுத்துவிட்டன.

அழுதுகொண்டே போய் மேடத்திடம் உண்மையைக் கொட்டினாள்.

மேடம் திட்டவில்லை. "அக்கா, தண்ணி குறைஞ்சா நீங்க சொல்ற அந்தக் கெட்ட ஆக்சிஜனைச் செடியே கொஞ்சம் கிளப்பிவிடும். ஆபத்துன்னு இலைக்குப் போற சேதி அது. சேதி கிடைச்சாத்தான் இலை மூச்சு விடுற குட்டிக்குட்டி வாயெல்லாம் மூடும், உள்ள இருக்கிற ஈரம் மிஞ்சும். நீங்க மாத்திரையைத் தெளிச்சு அந்தச் சேதியையே துடைச்சிட்டீங்க."

"அப்போ அது விஷம் இல்லையா?"

"அளவு மீறினா விஷம்தான். அளவா இருந்தா காவல்."

வீட்டில் இதைக் கேட்ட புருஷன் ஆசையோடு நிமிர்ந்தார். "அப்போ எனக்கும் மாத்திரையை நிறுத்திடலாமா?"

"நீங்க என்ன தக்காளிச் செடியா? வாயைத் திறங்க."

வேலை போய்விடும் என்று பயந்திருந்தாள். அதற்கு மாறாகக் கூடுதல் வேலை வந்தது. அவள் செய்ததை முறையாகச் செய்து பார்க்க மேடத்துக்கு ஆசை. "இன்னும் நாலு மேசைக்குத் தெளிங்க அக்கா. இந்தத் தடவை எல்லாரும் பார்க்கவே தெளிக்கலாம்."

இரக்கப்பட்டபோது ஒளிந்து செய்த காரியம், கொல்லப் போகிறது என்று தெரிந்த பிறகு உத்தியோகமாகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தெளித்தாள். "கோச்சுக்காதீங்கடா, மேல இடத்து உத்தரவு" என்று ஒவ்வொரு நாற்றிடமும் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்ந்தாள்.