தெருவைப் பார்த்த செருப்புகள்

எர்ணாவூரில் அத்தை வீட்டுச் செருப்புகள் எப்போதும் தெருவைப் பார்த்தபடியே கிடக்கும். விருந்தாளி யாராவது கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனால், அத்தை குனிந்து அவற்றைத் திருப்பி வைப்பாள். காலை நுழைத்ததும் ஓட வேண்டுமாம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால் நான் வளர்ந்ததெல்லாம் அப்பாவின் அக்காவான இந்த அத்தையிடம்தான்.

மாமா வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒருநாள் வாயு கசிந்தது. பிழைத்து வந்தவர், இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அத்தைக்குக் கண்ணும் காதும் மூக்குதான். பால் வாங்கக் கதவைத் திறந்தாலும் முதலில் காற்றை மோந்து பார்ப்பாள்.

ஒரு மத்தியானம் எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள். ஈரத்துண்டை என் முகத்தில் அழுத்தினாள். கொடியில் காய்கிற புடவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாள். "இன்னாடி பாத்துகினு கீற? மூச்ச அடக்கினு ஓடு!" சோற்றுக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, காற்றுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடினாள். மெயின் ரோடு போன பிறகுதான் தெரிந்தது, யாரோ சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் கொட்டியிருக்கிறார்கள். "சும்மா பேஜாரு பண்ணாதக்கா" என்று டீக்கடைக்காரர் சொல்ல, தெருவே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை, என் கையையும் விடவில்லை. அவ்வளவு இறுக்கமாக என்னை வேறு யாரும் பிடித்ததில்லை. பாசம் என்றால் இன்றும் எனக்கு அந்தப் பிடிதான் ஞாபகம் வருகிறது. பயம் என்றாலும் அதேதான்.

அத்தை இப்போது இல்லை. நான் திருவொற்றியூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவர் கேலி செய்வார். செய்யட்டும். அவர் மூக்கு வேறு, என் மூக்கு வேறு.

போன வாரம் என் மகள் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது மூக்கில் சுரீரென்று ஏறியது. பாதிப் பின்னலோடு அவளை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். "மூச்ச அடக்கினு ஓடு!" என்று கத்தியது நான்தான், கேட்டது அத்தையின் குரல். தெருவுக்கு வந்த பிறகு கீழ்வீட்டுப் பெண் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். "பாத்ரூமுக்கு ஆசிட் ஊத்துனேன்க்கா, ரொம்ப நெடி அடிக்குதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிடித்த கையை மட்டும் விடவில்லை. பாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். கன்னம் உப்ப, மூக்கை இறுக்கிப் பிடித்தபடி, முகம் சிவந்து நின்றிருந்தாள். கடைசியில் அடக்க முடியாமல் கொஞ்சம் விட்டுவிட்டு, தப்புச் செய்தவளைப் போல மெதுவாகக் கேட்டாள்:

"இப்ப மூச்சு வுடலாமாம்மா?"