குதிரைக்குப் போட்ட அரளி மாலை

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், கைவிடப்பட்ட குதிரைகளை நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் பராமரித்து வருகிறோம். லாயம் கூட்டுவதும் தண்ணீர் காட்டுவதும் என் வேலை.

எங்கள் வீட்டில் எப்போதும் மாடு உண்டு. சென்ற மாட்டுப் பொங்கலன்று, குதிரைகளுக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று கோயில் வாசலில் சிவப்பு அரளி மாலை ஒன்றை வாங்கி, ராணி என்ற கிழட்டுக் குதிரையின் கழுத்தில் போட்டேன். தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினால் மாலையைக் காணோம். பக்கத்தில் கட்டியிருந்த கறுப்பன் என்ற குதிரையின் வாயோரம் ஒரு சிவப்பு இதழ் ஒட்டியிருந்தது.

கூட வேலை செய்யும் செல்வி பதறிவிட்டாள். "ஐயோ அக்கா, அரளியா போட்டீங்க? குதிரைக்கு அது விஷம். தின்னுட்டா அதால வாந்திகூட எடுக்க முடியாதே!"

கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டோம். "இதோ கெளம்பிட்டேன். எவ்வளவு உள்ள போச்சுன்னு பாருங்கம்மா" என்றார்.

வைக்கோலை இரண்டு கையாலும் வாரிவாரித் தேடினேன். தொட்டிக்குப் பின்னால் மாலை அறுந்து கிடந்தது. நல்லவேளை, நாரில் ஒரே ஒரு பூவின் இடம்தான் காலியாக இருந்தது. அதை உடனே மருத்துவரிடம் போனில் சொன்னேன்.

மருத்துவர் வந்து, சாயங்காலம் வரை கறுப்பனின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகுதான், "பொழச்சிட்டான்" என்றார்.

இப்போது யார் மாலையோடு வந்தாலும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறேன். "சாமிக்குப் போடுற பூதானேங்க?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

"சாமி அதத் திங்காதுங்க" என்கிறேன்.