நான் கேட்காமல் விட்ட வாய்ஸ்

காலை ஆறரை மணிக்கு ஒரு வீடியோவை மேலே அனுப்பினேன். மதியத்துக்குள் ஒரு டிரைவர் சஸ்பெண்ட். டைம் ஆபீஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "குரூப்பை எப்படி சார் நடத்துனீங்க?" என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

திண்டிவனம் பக்கம் ஓர் அரசு பஸ் டிப்போ. கண்டக்டராக இருந்து டைம் கீப்பர் ஆனவன் நான். பயணிகள் குறை சொல்ல வாட்ஸ்அப் குரூப் தொடங்கும்படி விழுப்புரம் தலைமை ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. கிளை மேலாளர் அதை என் தலையில் கட்டினார். பஸ்ஸுக்குப் பஸ் குரூப் நம்பரை ஒட்டினோம். குட் மார்னிங் பூக்களும் பிறந்தநாள் வாழ்த்தும் குவிந்தன. நடுநடுவே உண்மையான புகாரும் வந்தது. புகாரை எவ்வளவு சீக்கிரம் மேலே தள்ளுகிறோமோ அவ்வளவு நல்ல பெயர். எனக்கு நல்ல பெயர் இருந்தது. வாய்ஸ் மெசேஜை மட்டும் தொட மாட்டேன். ஃபைலில் வைக்க எழுத்து வேண்டும், போட்டோ வேண்டும். பேச்சை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அன்றைய வீடியோ பத்து விநாடிதான். ஓமந்தூர் ரோட்டில் ஒரு ஸ்டாப். முதல் டிரிப் பஸ் நிற்காமல் போகிறது; வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போகும் பெண்கள் பின்னாலேயே ஓடுகிறார்கள். 'இலவச டிக்கெட் என்றால் இளக்காரமா?' என்று கீழே எழுதியிருந்தது. எனக்கும் ரத்தம் கொதித்தது. அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் டிரைவர் ஏழுமலை என் மேஜை முன் வந்து நின்றார்.

"அண்ணே, நான் நிறுத்தாம போகல. கொஞ்சம் தள்ளி சின்னப் பாலத்தாண்ட நிறுத்தனேன். தெனமும் அங்கதான். அத்தினி பேரும் ஏறுனாங்க."

"ஸ்டாப்பு இருக்கறப்ப பாலத்துல எதுக்குய்யா நிறுத்தற?"

"ஒரு அம்மாவுக்கு முட்டி மடங்காது. ஸ்டாப்புல படி எட்டல. பாலத்தாண்ட சிமெண்ட் மேடு இருக்குது, அதுமேல நின்னா சுளுவா ஏறிடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கினு இருக்கேன். இந்த வீடியோ மாப்பிள்ளை வூட்டுக்கும் போயிடுச்சு. பேஜாராயிடுச்சுண்ணே."

கண்டக்டரும் அதையேதான் சொன்னார். கூட வேலை செய்கிறவர் வேறென்ன சொல்வார் என்று யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். "ஓடுன பொம்பளைங்க ஒருத்தரும் புகார் குடுக்கலயே. நேர்ல போய்க் கேட்டுட்டு வாய்யா."

முதல் டிரிப்பில் போனேன். மாற்று டிரைவர் சரியாக ஸ்டாப்பில் நிறுத்தினார். ஏழுமலை சொன்ன முட்டி மடங்காத அம்மாளான அஞ்சலையை இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, ஒருத்தி பின்னாலிருந்து தள்ள, விழாத குறையாக வந்து உட்கார்ந்தார். வலியில் அவர் கண் கலங்கியிருந்தது. நான் யார் என்று சொல்லி, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அதான் அன்னிக்கே வாய்ஸ்ல போட்டனே சார். நான் முன்னாடியே பாலத்தாண்ட நின்னுக்கினு இருந்தேன், இவங்க லேட்டு, ஓடியாந்துக்கினு இருந்தாங்க. அத எவரோ வீடியோ புடிச்சிட்டாரு. பஸ்ஸுலயே ஒரு பொண்ணு காட்டுச்சு. அந்தத் தம்பி மேல தப்பு இல்லன்னு உடனே பேசிப் போட்டேன்."

"எனக்குத் தெரியலயேம்மா."

"நீங்க கேக்கலன்னு தெரியும் சார். யாரு யாரு கேட்டாங்கன்னு போன்ல பேரு வருதாமே. டிப்போ பேரு அதுல இல்லன்னு எம் பொண்ணு பாத்து சொல்லுச்சு."

தேடினேன். இருந்தது. நாற்பது விநாடி. நான் வீடியோவை அனுப்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே வந்திருந்தது. ஓடும் பஸ்ஸிலேயே காதில் வைத்துக் கேட்டேன். அதற்குப் பிறகு அந்த அம்மாள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் பேசியதை ஒரு சொல் மாற்றாமல் எழுதி, பெண்களிடம் கையெழுத்து வாங்கி, கேட்காமல் விட்டது என் தவறு என்று நானும் எழுதிக் கொடுத்தேன். ஏழுமலை வேலைக்குத் திரும்பினார். வீடியோ எடுத்தவர் குரூப்பிலேயே மன்னிப்புக் கேட்டார்; நல்லது நினைத்துத்தான் எடுத்தார், பாவம். மாப்பிள்ளை வீட்டாரும் சமாதானம் ஆனார்கள்.

ஆனால் ஏழுமலை ஸ்டாப்பிலேயே நிறுத்த ஆரம்பித்தார். பழையபடி பாலத்தில் நிறுத்தச் சொல்லி நான் கெஞ்சாத குறை.

"வேணாண்ணே. போர்டு எங்க இருக்குதோ அங்க நிறுத்தறேன். நாளைக்கு இன்னொருத்தர் வீடியோ எடுத்தா என் பேச்ச எவரு கேப்பாங்க?"

ஸ்டாப்பைப் பாலத்துக்கு மாற்றலாமா என்று குரூப்பில் கேட்டேன். குரூப்பிடம் நானாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வந்த வாய்ஸ் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டு, எழுதி, மேலே அனுப்பினேன்.

அதனால்தான் பிள்ளைகளே, முதலில் கேளுங்கள், பிறகு அனுப்புங்கள். நாற்பது விநாடி எனக்கு மிச்சமானது. பாலத்தில் ஸ்டாப் போர்டு நடுவதற்குள் அடுத்த மல்லாட்டை அறுவடை வந்துவிட்டது. அதுவரை தினமும் காலையில் அஞ்சலை அம்மாளை மூன்று பேர் தூக்கித்தான் ஏற்றினார்கள்.