வாப்பாவுக்கு ஒரு புத்தகம்

எங்கள் லைப்ரரி மிஸ் புத்தகம் கொடுக்கிற விதமே தனி. யாருக்கு என்று கேட்பார், ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்பார், பிறகுதான் புத்தக இறாக்கைப் பக்கம் போவார். என் சாச்சி தன் மாமியாருக்கென்று ஒரு தடித்த புத்தகம் வாங்கிப் போனார். மாமியார் அதில் மூழ்கி, ஒரு கிழமை முழுக்க மருமகளின் கறியில் குறை சொல்ல மறந்துபோனார். புத்தளத்தில் நாங்கள் இருந்த குடியேற்றம் முழுக்க இதுதான் பேச்சு.

அப்போது எனக்குப் பத்து வயது. யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். வாப்பா இளந்தாரி வயதில், யுத்தத்தில் மன்னார்ப் பக்கத்து முஸ்லிம்களோடு சேர்த்து, உடுத்த சாரத்தோடு வெளியேற்றப்பட்டு வந்தவர். பகலில் உப்பளத்தில் வேலை, பின்னேரத்தில் ஊர்க் கதை. உம்மா என்ன மீன் சமைத்தாலும், "நல்ல ருசிதான், ஆனா ஊர் மீன் மாதிரி வராது" என்பார். அதுவரை அது வெறும் கதை. இப்போதோ ஊரில் விட்டுவந்த வளவில் பற்றை வெட்டப் போவதும், வீட்டுக்கு விண்ணப்பம் நிரப்புவதுமாக அது நிஜமாகிக்கொண்டிருந்தது. நான் பிறந்தது புத்தளத்தில். என் கூட்டாளிமார் எல்லாரும் இங்கே. அந்த மாதம்தான் வலைப்பந்து அணியில் என்னைச் சேர்த்திருந்தார்கள். ஊராம் ஊர்! கண்ணாலும் காணாத ஊருக்கு நான் ஏன் போக வேண்டும்?

சனிக்கிழமை நேரே லைப்ரரிக்குப் போனேன்.

"மிஸ், எங்கட வாப்பாவுக்கு ஒரு புத்தகம் வேணும்."

"அவர் எப்பிடியான ஆள்?"

"நல்ல ஆள்தான். ஊருக்குப் போற எண்ணம் மட்டும் விட்டுப் போகணும். அதுக்கு ஏதும் இருக்கா?"

மிஸ் சிரிக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த திகதி முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு, "சின்னாக்கள்ட அட்டைக்குப் பெரியாக்கள்ட புத்தகம் தர ஏலாது" என்று சொல்லி, குளத்தில் விழுந்த ஒரு ஆட்டுக்குட்டியின் கதையை எடுத்துத் தந்தார்.

"நீதான் வாசிச்சுக் காட்டணும். முடிஞ்சதும், ஊரில சின்ன வயசில இப்பிடி ஏதும் நடந்ததா எண்டு வாப்பாட்டக் கேட்டுட்டு வா. அது தெரிஞ்சாத்தான் அடுத்த புத்தகம் எதெண்டு எனக்குச் சொல்ல ஏலும்."

வைத்தியர் சொன்ன மாதிரியே இருந்தது. அன்றைக்கே வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பள்ளிவாசலில் தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்கிற ஹவுள் தொட்டியில் மீன் பிடிக்கப் போய்த் தலைகீழாக விழுந்தாராம், அதுவும் ஜும்ஆத் தொழுகைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில். பாங்கு சொல்லும் மோதினார் காதைப் பிடித்துத் தூக்கியெடுத்தாராம். குசினியிலிருந்து வந்து கேட்டு நின்ற உம்மா, "இத எனக்கு ஒரு நாளும் சொல்லல்லையே" என்று கோபித்துக்கொண்டார்.

மறு சனிக்கிழமை மிஸ்ஸிடம் ஒப்புவித்தேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். ஹவுளுக்கு எத்தனை படி, பக்கத்தில் என்ன மரம் என்று வேறு கேட்டார். தெரியாது என்றேன். "கேட்டுட்டு வா" என்றார். மருந்து கொடுக்கிறவர் துருவித் துருவிக் கேட்கத்தானே செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே மூன்று மாதம். புத்தகம் ஏற ஏற வாப்பாவின் நோயும் ஏறியது.

"மிஸ், புத்தகம் வேல செய்யல்ல. வாப்பா முந்தியவிடக் கூடக் கதைக்கிறார்."

"அப்ப இன்னொண்டு தாறன்" என்றார் மிஸ், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ஒரு நாள் வாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போன வழியைச் சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றடியால் இடப்பக்கம் திரும்ப வேண்டுமாம். "இல்ல வாப்பா, வலப்பக்கம். இடப்பக்கம் போனா குளமெல்லோ வரும்" என்று நான் திருத்தினேன். வாப்பா வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். அடுத்தது என் வாயிலிருந்து தானாக வந்தது.

"நாங்க எப்ப போறம்?"

வலைப்பந்து ஞாபகம் வந்து நாக்கைக் கடித்தேன், ஆனால் பிந்திவிட்டது. வாப்பா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அல்லாவே, ரெண்டு பேரும் ஒண்டாச் சேந்துட்டீங்களா!" என்று உம்மா தலையில் கைவைத்தார்.

புறப்படுகிற நாளில் கடைசிப் புத்தகத்தைக் கொடுக்கப் போனேன். சாமான் ஏற்றிய லொறி வாசலில் நின்றது.

"நீங்க பிழையான புத்தகம் தந்துட்டீங்க மிஸ். நாங்க போறம்."

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, இந்த முறை வாப்பா என்ன சொன்னார்?"

"நான்தான் இனிப் புத்தகம் எடுக்க மாட்டேனே. இனி எதுக்கு?"

"பரவாயில்ல, சொல்லன்."

பெருநாள் அன்று கடற்கரையில் ஊர் முழுக்கக் கூடுவதைத்தான் வாப்பா சொல்லியிருந்தார். நான் தொடங்கியதும் லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். பாதியை விழுங்கிவிட்டு ஓடிவந்தேன். மிஸ் கதிரையை விட்டு எழும்பி வாசல்வரை வந்து நின்றார்.

ஊருக்குப் போய்ச் சில வருஷம் கழித்து, எங்கள் தெருக்கோடியில் பற்றை மண்டிக் கிடந்த வளவு யாருடையது என்று பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டேன். "புத்தளத்தில லைப்ரரில வேல செய்யிற பிள்ளைட வாப்பாட வளவு. அவள மூணு வயசில தோளில தூக்கிட்டுப் போனவர். அங்க போய்ச் சேந்த வருஷமே முகாமில மவுத்தாகி அங்கயே அடங்கிட்டார். பாவம் அந்தப் பிள்ளைக்கு ஊர் ஒண்டும் ஞாபகமில்ல, கேக்கவும் ஆளில்ல" என்றார்.

அந்த ஹோர்ன் இன்னும் கொஞ்சம் அடித்துக்கொண்டிருந்திருக்கலாம். பெருநாள் கதையை நான் முழுதாகச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும்.