ஆணி ரயரும் ஜெசிந்தா அக்காவும்

எங்கள் ஊரில் சைக்கிள் ரயரில் ஆணி ஏறினால் அன்றைய பயணம் முடிந்தது. ஒஸ்லோவிலோ ஆணி வைத்த ரயர் இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குகிறார்கள். சின்னச் சின்ன இரும்பு முனைகள் பதித்த அந்த ரயரைப் பனிக்காலத்தில் மாட்டினால், கண்ணாடிபோல் உறைந்த பாதையிலும் சைக்கிள் சறுக்காது. முதல் தடவை ஓடியபோது அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் கூடவே வந்தது. நாற்பத்திரண்டு வயதில், தலைக்கவசமும் தடித்த கையுறையுமாகப் பனிக்குள் சைக்கிள் உழக்கும் தமிழ்ப் பெண்ணை, நாங்கள் வசிக்கும் புருசெத் பகுதித் தொடர்மாடிகளின் யன்னல்களில் நின்று பார்க்கும் எங்கள் சனம் என்ன சொல்லும் என்று எண்ணிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போது கூச்சமாக இருக்கிறது.

அதற்கு முன் என்னிடம் கார் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலைக் கண்ணால் காண முடியாது. வழியுள்ளவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மண்ணெண்ணெய் விட்டுப் புகை கக்க ஓடினார்கள். நான் நிறைமாதமாக இருந்த என் தங்கையைச் சைக்கிள் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு உழக்கினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் என் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள். வேறொரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் இனிச் சைக்கிளைத் தொடுவதில்லை என்று அன்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நோர்வேயில் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் கையில் கிடைத்த நாளில் அழுதுவிட்டேன்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில்தான் ஜெசிந்தா அக்காவும் வேலை செய்தார். மன்னாரைச் சேர்ந்தவர். ஐம்பத்தாறு வயது, கணவர் இல்லை, மகன் பேர்கன் நகரில். எங்களுக்குப் பக்கத்துத் தொடர்மாடியில் தனியாக இருந்தார். நான்கு வருடங்கள் காலையில் என் காரில்தான் வேலைக்கு வந்தார். பாதி வழி செபமாலை சொல்வார், மீதி வழி மகனின் கதை. அவர் ஏறியதும் நான் வானொலியை நிறுத்திவிடுவேன். சில நாட்களில் அது எனக்குப் பாரமாக இருந்தது. இதை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

காற்று அசையாத கடுங்குளிர் நாட்களில் ஒஸ்லோவின் மேல் மண்ணிறப் புகை ஒன்று மூடிபோல் கிடக்கும். அப்படியொரு நாள், நுரையீரல் வருத்தத்தோடு எங்கள் இல்லத்தில் இருந்த முதியவர் ஒருவர் யன்னலைத் திறந்துவிடச் சொன்னார். திறந்தேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான தாதி பெரித் ஓடிவந்து சாத்தினாள். "இன்றைக்கு வெளிக்காற்றுத்தான் இவருக்கு நஞ்சு" என்றாள். கீழே, வாகனத் தரிப்பிடத்தில் என் கார் நின்றது. அன்றே முடிவெடுத்தேன்.

ஜெசிந்தா அக்காவிடம் காருக்குள் வைத்தே சொன்னேன்.

"அக்கா, காரை விக்கப்போறன். இந்தப் புகைக்குள்ளை நானும் ஒரு ஆளாப் புகை விட மனம் கேக்குதில்லை."

அவர் செபமாலையைக் கைப்பைக்குள் வைத்தார். "ஓம் பிள்ளை, நல்ல விசயம்தானே. எனக்கென்ன, ரெயில் இருக்கு" என்றார்.

பெரித் என்னைக் கட்டிப்பிடித்தாள். ஆணி ரயரைத் தெரிவுசெய்யக் கடைக்குக் கூடவே வந்தாள். நடக்கிற நாட்களுக்குச் சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்புப் பல் ஒன்று இருக்கிறது, 'பிரொடர்' என்பார்கள், அதையும் வாங்கு என்றாள். எனக்கு ஒரு சோடி வாங்கினேன். வேலையிடத்து அறிவித்தல் பலகையில், 'எங்கள் பசுமைச் சகா' என்று நான் சைக்கிளோடு நிற்கும் படத்தை ஒட்டினார்கள். ஜெசிந்தா அக்கா அதைப் பார்த்து, "வடிவா நிக்கிறாய்" என்றார்.

ஜனவரியில் ஒரு நாள் பனிக்கு மேல் மழை பெய்து, விடியும்போது உறைந்திருந்தது. ரயில் நிலையத்துக்கு இறங்கும் சரிவில், சுரங்கப்பாதையின் வாசலருகே, ஜெசிந்தா அக்கா அடி அடியாகக் கால் வைத்துப் போய்க்கொண்டிருந்தார். நான் மணியை அடித்துக் கடந்தேன். அவர் திரும்பிக் கையை உயர்த்தினார். நானும் கையைக் காட்டிவிட்டு, என் ரயர்கள் ஐஸை நொறுக்கும் சத்தத்தோடு போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவருடைய கதையையும் கேட்காமல் போகிற அந்த இருபது நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது.

வேலை தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் செய்தி வந்தது. ஜெசிந்தா அக்காவின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நாயைக் கூட்டிவந்த ஒருவர், சுரங்கப்பாதை வாசலில் விழுந்து கிடந்தவரைக் கண்டு அம்புலன்சை அழைத்திருக்கிறார்.

"அது என் பிழை" என்று பெரித்திடம் சொன்னேன். அவள் திகைத்தாள். "நீ சைக்கிளால் இடித்தாயா?"

"இல்லை."

"அப்படியென்றால் ஐஸின் பிழை. அவர் பிரொடர் போட்டிருக்க வேண்டும்" என்று என் தோளைத் தட்டினாள். அவளுடைய மொழியில் அதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியவில்லை. தமிழிலும் தெரிந்திருக்காது.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "எப்ப அக்கா விழுந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீ போய்க் கன நேரத்துக்குப் பிறகு" என்றார். நான் அவரைக் கடந்த இடத்திலிருந்து சுரங்கப்பாதை வாசலைத் தாண்ட அவருக்கு அரை நிமிடம் போதும். எனக்காகத்தான் பொய் சொல்கிறார் என்று தெரிந்தது. பிறகு கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி கேட்டார்:

"ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை வதனி. என்னை ஏத்தி இறக்கிறது கரைச்சல் எண்டோ காரை வித்தனி?"

"ஐயோ, இல்லை அக்கா!" என்றேன். உடனேதான் சொன்னேன். ஆனால் என் குரலை நானே நம்பவில்லை. மூச்சுக்குத் தவித்த அந்த முதியவரின் முகம் உண்மை. நிறுத்திய வானொலியும் உண்மை. காரை விற்றதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் என்னால் பிரிக்க முடியவில்லை.

அந்தக் கையால் நோயாளிகளைத் தூக்க இனி முடியாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். அக்கா இப்போது சலவை அறையில் துணி மடிக்கிறார், பாதி நேர வேலை. அவருக்கு ஒரு சோடி பிரொடர் வாங்கி, குனிந்து அவர் சப்பாத்தில் மாட்டிவிட்டேன். "முந்தியே இது இருந்ததோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவர் வேலைக்குப் போகிற நாட்களில் ரயில் நிலையம்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரோடு நடக்கிறேன்.

திரும்பவும் கார் வாங்குவதா என்று யோசித்தேன். வாங்கவில்லை. அந்த முதியவர் இன்னும் யன்னலைத் திறக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். எங்கள் சனம் கொண்டாட்டங்களில் கண்டால், "என்ன வதனி, காரும் இல்லாமல் வெள்ளைக்காரியாப் போனியோ?" என்கிறது. பெரித் அதையே பாராட்டாகச் சொல்கிறாள்.

ஏப்ரலில் பனி உருகியபோது, நாங்கள் போகும் பாதையின் நடுவே ஒரு வெள்ளைக்கோடு வெளிவந்தது. ஒரு பக்கம் சைக்கிள் படம், மறுபக்கம் நடப்பவரின் படம். அக்காவின் முழங்கையை நான் பிடித்திருந்தேன், மறுகையில் சைக்கிள். பின்னால் வந்த நோர்வேஜிய இளைஞன் எங்களைத் தாண்ட முடியாமல், "ஏதாவது ஒரு பக்கம் போங்கள்!" என்று கத்தினான். குனிந்து பார்த்தேன். சைக்கிள் கோட்டுக்கு அந்தப் பக்கம். அக்கா இந்தப் பக்கம். என் இரண்டு கால்களும் கோட்டின் மேலேயே நின்றன.