புளூட்டோ பெயர்ச்சி

மாசிப் பனியில் நனைந்த செய்தித்தாளுக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் வீட்டில் அதை மின்விசிறிக் காற்றில் உலர்த்தித்தான் படிப்போம். தொண்ணூற்றொன்பதில், நான் ஒன்பதாவது படித்தபோது, அப்படி உலர்ந்த ஒரு தாளின் உள்பக்கத்தில் 'புளூட்டோ இடம் பெயர்கிறது' என்றொரு சிறு செய்தி இருந்தது. இருபது ஆண்டுகளாக நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்த புளூட்டோ மறுபடியும் கடைசிக் கோளாகிறது என்பதுதான் விஷயம்.

அதே செய்தியை அனகாபுத்தூரில் மாலதி அக்காவின் வருங்கால மாமியாரும் படித்திருந்தார். ஜாதகம் பொருந்தாமல் இரண்டு வரன்கள் தட்டிப்போன பிறகு அமைந்த இடம் அது. அக்கா வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், மாப்பிள்ளை வந்துபோன நாளிலிருந்து அவள் ஆபீசுக்குக் கிளம்பும் நடையே மாறியிருந்தது. வைகாசியில் கல்யாணம் என்று தாம்பரத்தில் மண்டபமும் பேசியாகிவிட்ட நிலையில் அந்த அம்மாள் வந்து உட்கார்ந்து, சனிப்பெயர்ச்சிக்கும் குருப்பெயர்ச்சிக்கும் பலன் போடுகிற பேப்பர்காரர்கள் இதற்கு ஏன் போடவில்லை என்று கேட்டார். எந்த ராசிக்கு ஆகாது என்று தெரியும்வரை கல்யாணத்தைக் "கொஞ்சம் தள்ளி வச்சிக்கலாம்" என்றார்.

அப்பா விஞ்ஞானத்தை நம்பியவர். புளூட்டோ எங்கோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது, சூரியனை ஒருமுறை சுற்றவே இருநூற்று நாற்பத்தெட்டு வருடம் ஆகும் என்று விளக்கினார். அதுவே வினையாகிவிட்டது.

"முப்பது வருசத்துல சுத்தறவரு சனி. அவரே ஏழரை வருசம் புடிச்சி ஆட்றாரு. இவுரு புடிச்சா எப்போ சம்பந்தி வுடுவாரு?"

கணக்கில் புலியான அப்பா மனத்துக்குள் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். அறுபத்திரண்டு வருடம் வரும். அம்மா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராத அக்கா, கதவோரம் நின்றபடியே சொன்னாள்: "அத்தை, ஜாதகத்துல அவருக்கு வீடே கிடையாதே. எந்த வீட்லேருந்து எந்த வீட்டுக்குப் பெயருவாரு?"

"ராகு கேதுக்குந்தான் சொந்த வூடு இல்ல."

"அவங்க வாடகைக்காவது குடியிருக்காங்க. இவர் பேரே பஞ்சாங்கத்துல இல்லையே அத்தை."

அந்த அம்மாள் மோவாயில் கைவைத்து யோசித்தார். பிறகு, "வாடகைக்கும் இல்லியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அப்பா விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. அம்மா மறுபடி காபி கலந்துகொண்டு வந்தாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அனகாபுத்தூர் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைப்பதிலிருந்து மாடி எழுப்புவது வரை எது வந்தாலும் அத்தை "மாலதியக் கேளு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று கோள்களின் வரிசையில் புளூட்டோ இல்லை, குறுங்கோள் என்கிறார்கள். அந்த மாற்றம் வருவதற்கு முந்தைய வருடமே அத்தை காலமாகிவிட்டார். அண்மையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அக்கா, "இருந்திருந்தா, 'அப்போ உங்க கல்யாணம் செல்லுமாடி'ன்னு என்னைத்தான் கேட்டிருப்பாங்க" என்றாள்.