வாந்தியே வராத பஸ்

அந்தக் கடைவீதியில் யாருக்கு மூக்குக் கண்ணாடி உடைந்தாலும் தேடிப் போவது கண்ணாடியக்காவைத்தான். கண்ணாடிக் கடை அவளுடையது இல்லை. முதலாளி முன்னால் உட்கார்ந்திருப்பார். அவள் உள்ளே ஜன்னலோர மேஜையில் இருப்பாள். சூடான காற்றில் கண்ணாடி ஃபிரேமைக் காட்டி, அது இளகியதும் காதுப் பக்கம் பதமாக வளைத்து, வந்தவர் முகத்தில் மாட்டிவிட்டு, "இப்போ குனிங்க, நிமிருங்க, தலையை நல்லா ஆட்டுங்க" என்பாள். ஆட்டியும் நழுவாவிட்டால்தான் ஆளை விடுவாள். கடுகை விடச் சின்னத் திருகாணி தரையில் விழுந்தாலும் சத்தத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுவாள். இருபத்தாறு வருஷமாக அதே மேஜை. இப்படி ஒழுங்கான மனுஷியிடம் ஒரே ஒரு பொய் இருந்தது. பொய் என்றால் சின்னப் பொய்யா? முப்பது வருஷப் பொய்!

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அதுவும் மலைப்பாதையில், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு உள்ள ரூட். கல்யாணமான புதிதில் அவளைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றி, இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போனார். ஆறாவது வளைவில் அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. அந்த நேரம் பார்த்து மனுஷர் திரும்பி, "என் பஸ்ஸுல இதுவரைக்கும் ஒருத்தர்கூட வாந்தி எடுத்ததில்ல, தெரியுமா? ஓட்டுற விதம் அப்படி" என்று மீசையை நீவிக்கொண்டார். இதைக் கேட்டபின் எந்தப் புதுப் பெண்டாட்டி வாயைத் திறப்பாள்? வந்ததை அப்படியே விழுங்கினாள். இறங்கியதும் எப்படி இருந்தது என்று கேட்டார். "மிதக்கிற மாதிரி இருந்துச்சுங்க" என்று சொல்லிவைத்தாள்.

அன்றைக்குத் தொடங்கியது. அவரோடு பயணம் என்றால் முதல் நாளே பட்டினி. கைக்குட்டைக்குள் எலுமிச்சம்பழம். ஏறியதும் கண்ணை மூடித் தூங்குவதுபோல் ஒரு நடிப்பு. முடிந்தவரை "கடையில வேலை தலைக்கு மேல கிடக்குதுங்க" என்று நழுவிவிடுவாள். அவரோ கல்யாண வீடு, துக்க வீடு என்று பாராமல், "என் பஸ்ஸைப் பத்தி இவளைக் கேளுங்க" என்பார். இவளும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டுவாள். மற்றபடி இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவரும் ஓய்வு பெற்றாயிற்று, சண்டை போடக்கூட விஷயம் கிடைக்காத வீடு.

ஐம்பத்து நான்காவது வயதில் கண்ணாடியக்காவின் இதயத்தில் ஒரு வால்வு மக்கர் செய்தது. நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஒரு தாளோடு வந்து கட்டில் அருகில் நின்றாள்.

"சிகரெட் பழக்கம் உண்டா?"

"சேச்சே!"

"முன்னாடி ஆபரேஷன் ஆனப்போ வாந்தி வந்துச்சா? பஸ், கார்ல போனா குமட்டுமா?"

கண்ணாடியக்கா வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். "யாரைப் பார்த்து என்ன கேட்கறீங்கம்மா? டிரைவர் பொண்டாட்டி! என் பஸ்ஸுல..." என்று தொடங்கிப் பழைய பாட்டைப் பாடி முடித்தார். டாக்டரம்மா இவளைப் பார்த்தாள். இவள் வழக்கம்போலத் தலையாட்டினாள். 'இல்லை' என்று தாளில் ஏறிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் தலையணையோடு வந்தாள். "நெஞ்செலும்பை நடுவுல பிரிச்சு, அப்புறம் கம்பி போட்டுக் கட்டுவாங்க. இருமல் வந்தா இந்தத் தலையணையை இறுக்கி அணைச்சுக்குங்க. இருமலைக்கூடச் சமாளிச்சிடலாம்மா, வாந்திதான் பொல்லாதது. ஒவ்வொரு குமட்டலும் தையலைப் பிடிச்சு இழுக்கும், பிரஷர் ஏறும், மாத்திரை உள்ள தங்காது. அதான் யாருக்கு வரும்னு முன்னாடியே கேட்டு வைச்சுக்கறது."

கண்ணாடியக்காவுக்குப் பழசு ஞாபகம் வந்தது. கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது ஒரு பகல் முழுக்க அவள் குடலைக் கக்கியது, அன்று மலைமேல் வண்டியோடு இருந்த மனுஷருக்குத் தெரியாது. உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் அவர் காதில் விழக்கூடாது. "ஏங்க, ஒரு டீ வாங்கிட்டு வாங்களேன்" என்றாள். ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார். "பேப்பர் வாங்கிட்டு வாங்க." பக்கத்துக் கட்டில்காரரிடம் கைநீட்டி வாங்கிக் கொடுத்தார். "கொஞ்சம் காலாற நடந்துட்டு வரலாம்ல?" "உன்னை விட்டுட்டா?" என்றார். இந்த மனுஷரை என்ன செய்வது!

நாலு மணிக்கு டாக்டரம்மா கையெழுத்து வாங்க மறுபடி வந்தாள். கண்ணாடியக்கா பேனாவை வாங்கினாள், கையெழுத்துப் போடவில்லை.

"டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு பஸ்ல ஏறினாலே குமட்டும். முப்பது வருஷமா குமட்டுது. இவர் பஸ்ஸுலயும்தான். போன ஆபரேஷன்லயும் நாள் பூரா வாந்தி." மளமளவென்று கொட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. 'இல்லை'யை அடித்துவிட்டு எழுதினாள். "நல்லவேளை சொன்னீங்க. சிகரெட் பிடிக்காத பொம்பளைங்க, பயணத்துல குமட்டறவங்க, முன்னாடி ஆபரேஷன்ல வாந்தி எடுத்தவங்க, இவங்களுக்குத்தான் அதிகமா வரும். நீங்க எல்லாத்துலயும் இருக்கீங்க! எல்லாருக்கும் ஒரு மருந்து போடுவோம். உங்களுக்கு மூணு விதமா போட்டுடறேன், தூங்கும்போதே ஆரம்பிச்சு, முழிக்கிறதுக்கு முன்னாடி வரைக்கும். குமட்டலைக் கிளப்புற வலி மருந்தையும் குறைச்சு, வேற மருந்து சேர்த்துக்கலாம்."

டிரைவர் போர்வையைச் சரிசெய்தார், தலையணையைத் தட்டி வைத்தார், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மறுநாள் காலை தள்ளுவண்டியோடு கதவு வரைக்கும் நடந்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நெஞ்சைக் கிழிக்கப் போகிறார்கள் என்பதை விட, மனுஷர் பேசாமல் போனாரே என்பதுதான் அவளை அறுத்தது.

விழித்தபோது நெஞ்சு கனத்தது. தொண்டையில் விட்டிருந்த மூச்சுக் குழாயை எடுத்துவிட்டு, நாக்கு நனைய ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தார்கள். இதோ வரும், இதோ வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. இன்னொரு கரண்டி. அதுவும் உள்ளேயே தங்கியது. வயிறு சாதுவாகக் கிடந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை டிரைவரை உள்ளே விட்டார்கள். பச்சை அங்கியும் தொப்பியுமாக வந்து நின்றார்.

"வாந்தி வந்துச்சா?"

"இல்லங்க."

போன உயிர் திரும்பி வந்தாற்போல ஒரு மூச்சு விட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் பஸ்ஸுல யாரும் வாந்தி எடுக்காத நாளே கிடையாது" என்றார்.

அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"தினமும் டெப்போவுல நானும் கண்டக்டரும் வாளியும் துடைப்பமுமா நின்னு கழுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். அன்னிக்கு நீ புதுசு, சும்மா பெருமை அடிச்சுட்டேன். நீ மிதக்கிற மாதிரி இருந்துச்சுன்னு சொன்னியா, அப்புறம் எப்படி மாத்திப் பேசறது?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையணையை நெஞ்சோடு இறுக்கி, "ஐயோ, பேசாதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். நர்ஸ் ஓடி வந்தாள். "என்னம்மா, வாந்தியா?" "இல்ல சிஸ்டர், சிரிப்பு." "அதுக்கு எங்ககிட்ட ஊசி இல்லையே" என்றபடி திரும்பிப் போனாள்.

டிரைவர் சிரிக்கவில்லை. "முப்பது வருஷமா முழுங்கினியே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல" என்றார். ஊசிக் குழாய் செருகியிருந்த கையை வலிக்காமல் பிடித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிரைவர் தன் மச்சானின் காரை இரவல் வாங்கி வந்து, பின் சீட்டில் அவளைத் தலையணையோடு உட்கார வைத்தார். சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போகும் அளவுக்கு மெதுவாக ஓட்டினார். என்ன ஓட்டி என்ன, மூன்றாவது திருப்பத்தில் லேசாகப் புரட்டியது. பழக்கதோஷத்தில் கண்ணை மூடித் தூங்குவதுபோல் சாய்ந்தாள். பிறகு அவளுக்கே எரிச்சலாக வந்தது.

"ஏங்க, வண்டியை நிறுத்துங்க."

நிறுத்திவிட்டார், நடுத்தெருவில். இறங்கி வந்து கதவைத் திறந்து, அவள் காலை வெளியே எடுத்து வைத்தார். காற்று முகத்தில் பட்டது. பின்னால் ஒரு லாரி, இரண்டு கார், எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன.

டிரைவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "கொஞ்சம் பொறுங்கய்யா! என் பொண்டாட்டிக்கு வண்டியில வந்தா குமட்டும்!"